வாசலைப் பார்த்து எரிந்த மெழுகுதிரி

தை மாதத்து ஒரு பின்னேரம், கீரி என்கிற எங்கள் கடற்கரை ஊரில், வீட்டு முற்றத்தில் காய்ந்த கருவாட்டை அள்ளிக் கடகத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். தங்கச்சி கனடாவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. தலையில் தொப்பி, இரண்டு குளிர்ச்சட்டை, அதற்கும் மேல் போர்வை. வெளியே கிளம்புகிறாளாக்கும் என்று பார்த்தால், வீட்டுக்குள்ளேதான் அந்தக் கோலத்தில் நிற்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதேங்கோ அக்கா. வீட்டில ஹீற்றர் வேலை செய்யேல்லை. அம்மாவுக்கு முட்டு இழுக்குது."

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. முட்டு அம்மாவுக்குப் பழைய வருத்தம். தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருந்தபோது, மழைக்கு ஒழுகும் கொட்டிலில் தொடங்கியது. குளிர் பட்டால் மூச்சு எடுக்க முடியாமல் தவித்துப்போவார். யுத்தம் முடிந்து நாங்கள் திரும்பி வந்து, பழைய வளவிலேயே மீள்குடியேற்ற வீடு கட்டி முடித்த பிறகு தங்கச்சி அம்மாவைத் தன்னிடம் கூப்பிட்டுக்கொண்டாள். அம்மாவுக்குப் போக மனமே இல்லை. காரணம் தம்பி.

அவன் எங்களோடு இந்தியாவுக்கு வரவில்லை. வன்னிக்குப் போனவன், கடைசிச் சண்டைக்குப் பிறகு எங்கும் இல்லை. செத்தான் என்று சொல்ல உடலும் இல்லை, இருக்கிறான் என்று சொல்ல ஒரு செய்தியும் இல்லை. நான் அவனுக்காக அழுது முடித்துவிட்டேன். அம்மா அழவே இல்லை. "வருவான்" என்பார். அதற்கு மேல் யாரும் அவரோடு கதைக்க முடியாது.

தங்கச்சி போனைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். அங்கே உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி மினுங்கிக்கொண்டிருந்தது.

"இதுதான் வீட்டின்ர சூட்டைப் பாத்து ஹீற்றரைப் போடுறது. ஸ்மார்ட் தெர்மோஸ்ராற். வேலையில நிண்டுகொண்டும் போனில கூட்டிக் குறைக்கலாம். இப்ப என்னெண்டால், வீடு நல்ல சூடு எண்டு காட்டுது. போனில பிழை எண்டு சிவப்பாய் வேற வருது."

"உனக்கு வாயால ஆவி பறக்குது. அதுக்கு வேர்க்குதாமோ? நல்ல கெட்டிக்காரப் பெட்டிதான்" என்றேன்.

அவள் சும்மா இருக்கவில்லை, பாவம். பெட்டியை அணைத்துப் போட்டிருக்கிறாள். பற்றரி மாற்றியிருக்கிறாள். புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு பொத்தானாக அமத்தியிருக்கிறாள். கொம்பனிக்கு அடித்தால், எல்லா வீட்டிலும் கரைச்சல், பின்னேரம்தான் ஆள் வரும் என்றார்களாம். அதுவரைக்கும் அம்மா என்ன செய்வது? பின்னால் எங்கேயோ அந்த இழுப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அதைக் கேட்பது பெரிய கொடுமை.

எனக்கு மெசின் ஒன்றும் தெரியாது. ஆனால் வெள்ளைச் சுவரில், பெட்டிக்கு நேர் கீழே, கறுப்பாக ஒரு தீற்றல் தெரிந்தது. அந்தக் கறுப்பை எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் மாதா படம் வைத்த வீடுகளில் எல்லாம் அது இருக்கும்.

"போனைக் கீழ இறக்கு" என்றேன்.

சுவரில் அடித்த சின்னப் பலகைத் தட்டு ஒன்று. ஒரு பக்கம் மாதா படம். மற்றப் பக்கம், கண்ணாடிக் குவளைக்குள் பெரிய மெழுகுதிரி ஒன்று பெட்டியைத் தொடுகிற மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

"முந்தி அம்மா தன்ர அறையில கொளுத்தினவ. போன கிழமைதான் கேட்டவ, இதில தட்டு அடிச்சுத் தரச் சொல்லி…" என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"கீழ நெருப்பை வைச்சால் அது வீடு வேகுது எண்டுதானே நினைக்கும்? ஊதி அணை."

"அதைத் தொடாத!"

அம்மாவின் குரல். கதிரையில் போர்வைக்குள் ஒடுங்கி, வாசலைப் பார்த்தபடி இருந்தார். தம்பிக்காக ஏற்றிய திரி. ஒன்று முடியுமுன் அதிலிருந்தே மற்றதைக் கொளுத்தி, கனடாவுக்குப் போன நாள்தொட்டு அணையவிடாமல் வைத்திருக்கிறார்.

"திரும்ப உங்கட அறையிலயே வைப்பம் அம்மா" என்றாள் தங்கச்சி.

"அறையில வைச்சால் வாசலுக்குத் தெரியாது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கீரியில் பழைய வீட்டிலும் மாதா படம் வாசலுக்கு நேரேதான் இருந்தது. மீன்பிடிக்கப் போன தம்பி இரவில் கடலால் வரும்போது, அந்த வெளிச்சத்தைக் கண்டால் அம்மா சோறு வைத்துக்கொண்டு முழித்திருக்கிறார் என்று அவனுக்குத் தெரியும்.

விளங்கியும் எனக்குக் கோபம்தான் வந்தது. மூச்சு எடுக்க ஏலாத மனுசி, வராதவனுக்காகக் குளிரில் கிடந்து சாகப்போகிறார்.

"அம்மா, அவனுக்கு அந்த வீடு தெரியுமே? நீங்கள் எந்தத் தெருவில இருக்கிறியள் எண்டு ஆர் அவனுக்குச் சொன்னது?"

தங்கச்சி என்னை முறைத்தாள். அம்மா வாசலை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"ஓம். அவனுக்கு இஞ்ச வரத் தெரியாது."

சுவரைப் பிடித்துப் பிடித்து எழும்பி வந்தார். தானே குனிந்து ஊதினார். மூச்சுப் போதவில்லை. திரும்பவும் ஊதித்தான் அணைந்தது.

பெட்டி ஆற நேரம் எடுத்தது. பிறகு வீட்டுக்கு அடியில் எங்கேயோ உர்ரென்று ஹீற்றரின் சத்தம் தொடங்கியது. தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா போனுக்குக் கிட்டவாக முகத்தைக் கொண்டுவந்தார்.

"பிள்ளை, அவனுக்குத் தெரிஞ்ச வளவு அதுதானே. நீ அங்க கொளுத்து. கதவைச் சாத்திப்போடாத."

செத்தவர்களுக்கு நாங்கள் சேமக்காலையில், கல்லறைக்குப் பக்கத்தில் திரி கொளுத்துவோம். ஆத்துமாக்கள் திருநாளில் ஊரே கொளுத்தும்போது, தம்பிக்கும் ஒன்று கொளுத்த எனக்கு ஒவ்வொரு வருசமும் கை துடிக்கும். அம்மா விட்டதில்லை. இப்போது வீட்டில் கொளுத்தச் சொல்கிறார், வரப்போகிறவனுக்குப் போல.

"ஓம் அம்மா" என்றேன்.

பொழுது பட்டதும் மாதா படத்துக்கு முன்னால், வாசலுக்கு நேரே கொளுத்தி வைத்தேன். வாடைக்காற்று உடனே அணைத்துவிட்டது. ஜாம் போத்தலுக்குள் வைத்தேன். அதற்குள்ளும் காற்று போனது. கதவைச் சாத்தினால் நின்று எரியும். சாத்தினால் பிறகு எதற்குக் கொளுத்துவது? கடைசியில் காற்று வரும் பக்கம் நானே மறைப்பாகக் குந்திக்கொண்டேன். அங்கே வீடு சூடாகியிருக்கும், இரவு முழுக்க இழுத்துக் கிடந்த அம்மா பகலிலாவது நித்திரையாகியிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன்.

அவன் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வாசல் படலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.