மஞ்சள் வைத்த இசைத்தட்டு

என் அலமாரியில் ஓர் இசைத்தட்டு உறை இருக்கிறது. அதன் மூலையில் விரல்நுனி அளவுக்கு மஞ்சள் கறை. சாம்பார் கொட்டிவிட்டதா என்று பேரன் கேட்டான். அவனுக்கு மஞ்சள் நிறத்தில் எதைக் கண்டாலும் சாப்பாட்டு ஞாபகம்தான். அது என் மதினி, அதாவது என் அண்ணன் மனைவி, தன் கையால் வைத்த மஞ்சள்.

தென்காசியில் அண்ணன் மைக் செட் கடை வைத்திருந்தான். அறுபதுகளின் கடைசியில் நான் பள்ளிக்கூட வேலைக்குப் போய்க்கொண்டு அவர்களோடுதான் இருந்தேன். ஒலிபெருக்கிக் குழாயும் பெட்டியும் அண்ணன் பொறுப்பு. தட்டுகள் மதினி பொறுப்பு. அவள் கேரள எல்லையோரத்துச் செங்கோட்டைக்காரி. பால் பொங்கி அடுப்பை அணைத்தாலும் பரவாயில்லை என்பதை 'சாரமில்ல' என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். தட்டு விஷயத்தில் மட்டும் அந்த வார்த்தை அவள் வாயில் வராது. புதுத் தட்டு வந்தால் ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்து, வேர்க்குரு மாதிரி எங்காவது புடைத்திருக்கிறதா என்று பார்ப்பாள். அப்புறம் இரண்டு பக்கமும் முழுக்க ஓடவிட்டுக் கேட்பாள். அரக்குத் தட்டு போய் பிளாஸ்டிக் தட்டு வந்த காலம். கீழே விழுந்தாலும் உடையாது என்று எல்லாரும் மெச்சிக்கொண்டிருந்தோம். அச்சில் அழுத்தும்போதே குறை வந்துவிடும், நடு ஓட்டை கொஞ்சம் விலகினாலும் பாட்டு தள்ளாடும் என்பாள் மதினி. கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா என்று அண்ணன் சிரிப்பான்.

ஆனால் எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டார் உறை பிரிக்காத தட்டைத்தான் கேட்பார்கள். இன்னும் உடுத்தாத கோடித் துணி போல, நல்ல காரியத்துக்குத் தட்டும் கோடியாக இருக்க வேண்டும். மண்டபத்தில் அவர்கள் கண்ணெதிரே பிரித்தால்தான் திருப்தி. அண்ணனும் அதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

குற்றாலத்தில் ஒரு கல்யாணம். ஒப்புக்கொண்ட நாதஸ்வரக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். நல்ல முகூர்த்த நாள் என்பதால் வேறு மேளம் அகப்படவில்லை. கெட்டிமேளத்தோடு சேர்ந்த மங்கள இசைத்தட்டு ஒன்று அப்போதுதான் எங்கள் கடைக்கு வந்திருந்தது. அதைப் பிரிக்காமல் கொண்டுவர வேண்டும் என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் மதினி உறையைப் பிரித்துவிட்டாள். அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

நாதஸ்வரம் கேட்க அவ்வளவு சுகமாக இருந்தது. கெட்டிமேளம் தொடங்கி இரண்டு அடி விழுந்ததும் முள் தாவி, அடுத்த ராகத்தின் நடுவில் போய் விழுந்தது. முள்ளின் தலைமேல் காசு வைத்துப் பார்த்தாள். தாவுவது நின்றது, அதற்குப் பதில் அதே இடத்தில் விக்கிக்கொண்டு சுற்றியது. மதுரைக்குப் போய் மாற்றிவர நாள் இல்லை. தாலி ஏறும்போது தும்மலோ அழுகையோ காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம்? அங்கே மேளமே விக்கினால், பிற்காலத்தில் அந்தப் பெண்ணுக்கு எது நடந்தாலும் ஊர் இதைத்தான் சொல்லிக் காட்டும்.

மதினி உறையின் மூலையில் மஞ்சள் தடவினாள். 'வா ஏட்டி' என்று என்னையும் இழுத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் பஸ் ஏறினாள். உறையைப் பார்த்ததும் பெண்ணின் அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"பிரிச்ச தட்டையா கொண்டு வருதிய?"

"கோடிச் சேலையையே மஞ்சள் வச்சுத்தான உடுத்துதோம் அண்ணாச்சி," என்றாள் மதினி. குறை எங்கே இருக்கிறது என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். "அந்த எடம் வரதுக்குள்ள முள்ளத் தூக்கிருதேன். மேக்கொண்டு என் பொறுப்பு."

அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெண்ணின் அம்மாதான் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மேடையில் 'கெட்டிமேளம்' என்று குரல் எழுந்தது. தட்டில் இரண்டு அடி விழுந்தது. மதினி முள்ளைத் தூக்கிவிட்டு, மைக்கை வாயருகே கொண்டுபோய்க் குலவையிட்டாள். பெண்ணின் அம்மா சேர்ந்துகொண்டாள். பிறகு மண்டபத்துப் பெண்கள் அத்தனை பேரும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு அருவிக்குப் போனவர்கள்கூட வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். தாலி ஏறியது. பெண்ணின் அப்பா மேடையில் நின்றபடியே மைக் செட் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இவள் எங்கள் வீட்டுக்கு வாழவந்தவள் என்று அன்றைக்கு நான் பட்ட பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

மதினி காலமான பிறகு அந்தத் தட்டு என்னிடம் வந்தது. போன மாதம் பேரன் இசைத்தட்டு ஓடவிடும் பெட்டி ஒன்று வாங்கிவந்தான். அவன் வயதுப் பிள்ளைகளுக்கு இப்போது இது புது மோகம். மஞ்சள் மூலையைப் பிடித்துத் தட்டை உருவிக் கொடுத்தேன். நாதஸ்வரம் ஒலித்து, கெட்டிமேளம் இரண்டு அடி விழுந்து, முள் தாவியது. தட்டு கெட்டுப்போச்சு ஆச்சி என்று அவன் பதறி எழுந்தான்.

"சாரமில்ல," என்று சொல்லி முள்ளைத் தூக்கினேன். இந்த வயதில் குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் குலவையை முழுசாக இட்டு முடித்தேன்.