குட்டைக்கரையில் பச்சைப் பொடி

தென்காசிக்கு நான் போனது கொசு அறுக்க. முப்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. மலேரியா ஆராய்ச்சிக்கென்று அரசாங்கம் அங்கே ஒரு வாடகை வீட்டில் சின்ன நிலையம் வைத்திருந்தது. ஒரு டாக்டர், மைக்ராஸ்கோப்புக்கு நான், வெளிவேலைக்குக் கூலியாட்கள். மாட்டுத் தொழுவங்களில் பிடித்து வந்த கொசுக்களின் இறக்கையையும் காலையும் பிய்த்துவிட்டு, ஊசி முனையால் வயிற்றைக் கிழித்து, காய்ச்சல் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பேன். நாள் முழுக்க அதே வேலை.

குற்றாலத்தில் சாரல் நின்றதும் சிற்றாறு மெலிந்து குட்டை குட்டையாகத் தேங்கும். அந்தத் தெளிந்த நீரில்தான் கொசு முட்டையிடும். மலையடி ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தார். கொசுப்புழுவைக் கொல்ல நாங்கள் பச்சைப் பொடி தூவினோம். பாஷாணம் சேர்ந்த பொடி. ஒரு பிடிப் பொடியைக் கூடை கூடையாய்ச் சலித்த தெருமண்ணோடு கலந்து, கையால் சுற்றும் ஊதுகருவியில் போட்டு நீர்மேல் படியவிடுவோம். புழு சாக அது போதும், மாட்டுக்கு ஒன்றும் ஆகாது.

மண் சலித்துப் பொடி கலக்கும் வேலைக்கு அந்த மலையடி ஊர்களில் ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். ஒரே மழைக்காலத்தில் இரண்டு பிள்ளைகளையும் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். வந்த புதிதில் மைக்ராஸ்கோப்பில் கிருமியைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, இதுவா என்று மட்டும் கேட்டாள். பொடி தூவிய குட்டையை விட்டு அவள் லேசில் நகரமாட்டாள். கரையில் குந்தியிருந்து பார்ப்பாள். ஒரு புழு நெளிந்தாலும் கையில் அள்ளி நசுக்குவாள்.

அந்தப் புரட்டாசியில் அவள் ஊரில் மாடுகள் சாகத் தொடங்கின. வாய் புண்ணாகி, ரத்தமாய்க் கழிந்து, நின்ற இடத்திலேயே விழுந்தன. பச்சைப் பொடிதான் காரணம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. டாக்டர் மாட்டு வைத்தியரைக் கூட்டிப்போனார். அவர் செத்த காளை ஒன்றின் வயிற்றைக் கீறிக் குடலை வெளியே இழுத்துப் போட்டு, இது வெக்கை நோய், தொற்றிப் பரவுவது, பொடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். யாரும் நம்பவில்லை. அவளுடைய அண்ணனின் உழவுமாடுகள் இரண்டும் அன்றுதான் செத்தன.

மறுநாள் காலை நானும் அவளும் அந்த ஊருக்குக் கீழே உள்ள குட்டைக்குப் போனோம். அவள் அண்ணன் அரிவாளோடு வந்தார். பின்னால் ஊர் ஆட்கள். முதலில் ஊதுகருவியைக் கல்லால் நொறுக்கினார்கள். பிறகு ஒருவன் என் கழுத்தைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினான்.

"விஷமில்லைன்னு சொன்னேல்லா, குடிலே."

குடித்தேன். தலையைத் தூக்கியதும் மறுபடி அமுக்கினார்கள். மூக்கு அடிப்பாறையில் மோதி உடைந்தது. சேறும் ரத்தமும் தொண்டையில் இறங்கின. செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். அவள் குறுக்கே விழுந்து அவன் கையைக் கடித்ததால் பிடி விட்டது.

அவள் தலைமுடியைப் பிடித்து அண்ணன் இழுத்தார். "ஏட்டி, கூலிக்காக எம் மாட்டக் கொன்னுட்டியே."

"எம் பிள்ளையளத் தின்னது இந்தத் தண்ணிதாண்ணே. ஒம் மாட்ட நான் கொல்லல."

அவர் வெட்டினார். அரிவாள் அவள் வலது தோளில் இறங்கியது. சதை பிளந்து எலும்பு வெள்ளையாய்த் தெரிந்ததைப் பார்த்தேன். அவள் குனிந்து, மண் கலக்காத பொடியிருந்த டப்பாவை இடது கையால் எடுத்து, அப்படியே அவர் முகத்தில் வீசினாள்.

மனுஷன் அலறியதை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அரிவாளைப் போட்டுவிட்டுக் கண்ணைப் பிறாண்டிக்கொண்டு தரையில் புரண்டார். வந்தவர்கள் மலைத்துப் போய் நின்றார்கள். அவள்தான் அவரைச் சட்டையைப் பிடித்துத் தண்ணீருக்கு இழுத்தாள். கரையோரத்தில் அவர் நெஞ்சின்மேல் முழங்காலை ஊன்றி, ஒரே கையால் தண்ணீரை அள்ளி அள்ளி அவர் கண்ணில் அடித்தாள். தோளிலிருந்து வழிந்த ரத்தமும் அதோடு அவர் முகத்தில் ஓடியது.

"கண்ணத் தெறண்ணே, தெற" என்று திட்டுவது போலச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

என் துண்டைக் கிழித்து அவள் தோளைக் கட்டினேன். வண்டி இருந்தது, பூட்ட மாடில்லை. என் கழுத்தைப் பிடித்தவனும் மற்றவர்களும் நுகத்தடியைத் தோளில் வைத்துத் தென்காசி ஆஸ்பத்திரி வரைக்கும் இழுத்துவந்தார்கள். அண்ணனுக்கு ஒரு கண் போய்விட்டது. அவள் வலது கை அதன்பிறகு இடுப்புக்கு மேலே உயரவில்லை.

அரசாங்க ஆட்களை அடித்த கேஸ் என்பதால் கோர்ட்டுக்குப் போனது. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். பொடி காற்றில் பறந்து கண்ணில் விழுந்தது, யாரையும் வெட்டவில்லை என்றார் அண்ணன். வரப்பில் கிடந்த அரிவாள்மேல் வழுக்கி விழுந்தேன் என்றாள் தங்கை. மாஜிஸ்திரேட் மிரட்டிப் பார்த்தார். இருவரும் தலை நிமிரவில்லை. கடைசியில் என்னைத் தண்ணீரில் அமுக்கியவன் மட்டும் ஜெயிலுக்குப் போனான்.

வெளியே வந்ததும் அவள் என்னிடம் சொன்னாள்: "நீங்க கண்டதச் சொன்னிய, தப்பில்ல ஐயா. நான் அண்ணனுக்குக் குடுத்ததும் அவன் எனக்குக் குடுத்ததும் எங்களோட கெடக்கட்டும்."

அவள் அண்ணன்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. அவளுடைய தோளைப் பார்க்கப் பார்க்க இன்னும் கூடியது.

தோள் ஆறியதும் அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். அவள் அண்ணன் கம்போடு அந்தக் குட்டைக்கரையில் உட்கார்ந்திருப்பார். எங்கள் யாரையும் அண்டவிடமாட்டார். அவளை மட்டும் தடுக்கவில்லை. ஆனால் பேசவும் மாட்டார்.

அவளால் புது ஊதுகருவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்ற முடியவில்லை. ஒருநாள் அவர் எழுந்து வந்து, அதை வாங்கி, முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு பிடித்தார். அவள் இடது கையால் சுற்றினாள். நான் ரோட்டிலேயே நின்றேன். அந்தத் தண்ணீர்ப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை.