கருப்பணனின் இடது கை

இடது கையைத் துண்டில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, வலது கையால் மட்டும் நூலை அலசுகிறார் கருப்பணன். பார்ப்பவர்களுக்குக் கை முறிந்துவிட்டதோ என்று தோன்றும். நாகல் நகர் சாயப்பட்டறைக்கு நூல் இறக்க வந்த ஆட்டோக்காரர் அப்படித்தான் விசாரித்தார். எலும்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, வியாழக்கிழமை ஓட்டு என்று பதில் வந்தது. கைக்கும் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்காமலேயே அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

ஐம்பத்தாறு வயதில் முப்பது வருடம் சாயத்தோடு போயிருக்கிறது. நூல்கழிகளைக் கம்பில் மாட்டிக் கொதிக்கும் தொட்டியில் புரட்ட வேண்டும். ஆறியபின் கையை விட்டு அலசிப் பிழிய வேண்டும். சாயம் ஆளைப் பிடிப்பது அந்த இடத்தில்தான். ரப்பர் உறை போட்டால் நூலின் பதம் தெரியாது என்பார். தேதி அவருக்கு நினைவிருக்காது, நிறம் நினைவிருக்கும். "மயில்களுத்துக் கலரு ஓடுனப்பத்தான் அந்த மழ பேஞ்சுச்சு" என்பார். யாராவது அவசரப்பட்டு நூலைத் தூக்கினால், "செத்த இரு, நூலு இன்னும் குடிக்கல" என்று கம்பால் தடுப்பார். உடுத்துவது மட்டும் வெள்ளை. விசேஷ வீடுகளில் சலவைச் சட்டைக்குள்ளிருந்து பத்துக் கருநீல விரல்கள் எட்டிப் பார்க்கும்.

சென்ற தேர்தலன்று அரை மணி நேரம் பெர்மிஷன் வாங்கிக்கொண்டு மனைவி பழனியம்மாளோடு வாக்குச்சாவடிக்கு ஓடினார். பழனியம்மாள் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். கருப்பணன் இடது சுட்டுவிரலை நீட்டியதும் கட்சி ஏஜெண்டு ஒருவர் எழுந்தார். விரலில் ஏற்கெனவே மை இருக்கிறதே என்றார். சாயம் என்று இவர் சொன்னது எடுபடவில்லை. பெரிய அதிகாரி வந்து பார்க்கட்டும், ஓரமாக நில்லுங்கள் என்றார்கள். பட்டறையிலோ தொட்டி கொதித்துக்கொண்டிருந்தது. நேரம் தப்பினால் நூல் முழுவதும் திட்டுத் திட்டாகிவிடும். இருபது நிமிடம் நின்று பார்த்தார். அதிகாரி வரவில்லை. திரும்பி ஓடினார்.

அன்று சாயங்காலம் பழனியம்மாள் மை வைத்த விரலை அவர் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டினார். "நம்ம வீட்டுக்கு ஒத்த ஓட்டு. நானும் சாயத்துல கைய விட்ருந்தா அதுவும் போச்சு" என்று ஒரு வாரம் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

போன ஆடியில் பழனியம்மாள் இறந்துபோனார். வாக்காளர் பட்டியலைத் திருத்த வந்தவர்களிடம் கருப்பணனே சொல்லி அந்தப் பெயரை எடுக்கச் செய்தார். இனி இவரும் போடாவிட்டால் அந்த வீட்டுக்கு ஓட்டே கிடையாது. இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுப்பதில்லை. கொடைரோட்டில் ரயில் வந்து நின்றுவிட்டது, தான் இன்னும் பிளாட்பாரம் ஏறவில்லை என்பது போன்ற பரபரப்புத்தான் இருக்கும்.

அதனால்தான் இடது விரலில் சாயம் வெளுக்கட்டும் என்று இந்த ஒரு வாரமாக ஒற்றைக் கை வேலை. தொட்டியின் எதிர்ப்பக்கம் நிற்கும் அப்துல் ஹக்கீம் இவர் பங்கையும் சேர்த்துப் பிழிகிறார். அதற்குக் கூலியாக வாயை விடுகிறார். "மருதாணி வச்ச புதுப்பொண்ணுகூட கைய இம்புட்டுப் பொத்திப் பொத்தி வைக்க மாட்டா, மாமா."

"பேசு மாப்ளே, பேசு. வியாழக்கெழம ஒன்னய ஓரமா நிப்பாட்டுவாய்ங்க. நான் பொத்தான அமுக்கிட்டு டீ குடிச்சிட்டு இருப்பேன்."

முதலாளி மோகன்குமார் இந்த முறையும் பெர்மிஷன்தான் தருவதாக இருந்தார். கருப்பணன் செய்தித்தாளிலிருந்து வெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்த துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை. முதலாளி இரண்டு முறை படித்தார். அப்படியானால் கறுப்பு நூலைப் புதன்கிழமையே முடித்துவிட்டுப் போங்கள் என்றார். பட்டறையே துள்ளியது. ஹக்கீம் ஈரக் கம்பைத் தொட்டி விளிம்பில் தட்டித் தாளம் போட்டார்.

புதன் சாயங்காலம், கடைசித் தொட்டி. அவசரத்தில் கம்பு நழுவியது. கறுப்பு நூல் மொத்தமும் அழுக்குத் தரையை நோக்கிச் சரிந்தது. முப்பது வருடப் பழக்கம் யோசிக்க நேரம் தரவில்லை. துண்டை உதறிக்கொண்டு இடது கை பாய்ந்துவிட்டது. நூல் தப்பியது. மணிக்கட்டு வரை கருகருவென்று நிமிர்ந்த கையைக் கருப்பணன் பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்று இரவு சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், பிளீச்சிங் தண்ணீர், தேங்காய் நார் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். தோல் எரிந்ததே தவிர நகக்கண் வெளுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு வெள்ளை வேட்டி சட்டையில் பள்ளிக்கூட வாசலில் நின்றார். வரிசையில் நான்காவது ஆள். உள்ளே பெயரைச் சரிபார்த்துவிட்டார்கள். மைக் குப்பியோடு உட்கார்ந்திருந்த அம்மா விரலைப் பார்த்து நிமிர்ந்தார். பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, ஏஜெண்டு எழுந்துவிட்டார்.

கருப்பணன் இந்த முறை ஒரு விரலை மட்டும் நீட்டவில்லை. இரண்டு கைகளையும் விரித்து மேசைமேல் வைத்தார்.

"பத்து வெரலயும் பாருங்கம்மா. ஓட்டு மைன்னா பத்துலயுமா வைப்பாக? சாயப்பட்டறை ஆளும்மா நான். இன்னைக்கு லீவு. சாயங்காலம் வரைக்கும் நிக்கச் சொன்னாலும் நிப்பேன். போட்டுட்டுத்தான் போவேன்."

அந்த அம்மா பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ஏஜெண்டைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் ஏஜெண்டே உட்கார்ந்துவிட்டார். கறுப்பு நகத்தின்மேல் மைக் கோடு இழுத்தபோது எங்கே இழுத்தது என்று இழுத்தவருக்கே தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு நகரலாம் என்றார்.

"செத்த இருங்கம்மா, வெரலு குடிக்கட்டும்" என்றார் கருப்பணன்.

பீப் சத்தம் கேட்டபிறகும் அவருக்கு வெளியே வர மனமில்லை. வாசலில் நின்று தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் விரலைக் காட்டினார். சாயத்தில் எது மை என்று யாருக்கும் புலப்படவில்லை. அதனால் என்ன, இந்தா இங்கே என்று தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை பட்டறையில் மாம்பழ மஞ்சள் ஓடியது. ஹக்கீம் எதிர்ப்பக்கம் வந்து நின்றார். நூல் ஆறியதும் கருப்பணன் குனிந்து இரண்டு கைகளையும் தொட்டிக்குள் விட்டார். இடது சுட்டுவிரல் மட்டும் தண்ணீருக்கு மேலே நிமிர்ந்து நின்றது.