ஒரு நாள் என்று எழுதிய வியாசம்

எங்கள் வீட்டில் வாதாடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தோசை முறுகலாக இல்லை என்பதற்கே மூன்று காரணம் சொல்லுவேன். அதனால் மூன்றாம் பாரத்தில், அதாவது எட்டாம் வகுப்பில், தமிழ் வாத்தியார், படிக்கிறவரை நம் பக்கம் இழுக்கிற மாதிரி ஒரு வியாசம் எழுதி வரச் சொன்னபோது எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. அவர் ஒரு நிபந்தனையும் வைத்தார். ஊர்ப் பொதுக் காரியம் எதுவும் வேண்டாம். வீட்டில் உள்ள ஒருவரிடம் ஒன்றைக் கேட்டு எழுத வேண்டும். அவர் அதைப் படித்துவிட்டு ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்றோ ‘ஒப்புக்கொள்ளவில்லை’ என்றோ எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் குடுமியை எடுத்துவிட்டு கிராப்பு வைக்க அனுமதி கேட்கப் போவதாகச் சொன்னான். எனக்கு என்ன கேட்பது என்று இரண்டு நாள் தோன்றவே இல்லை. மூன்றாம் நாள் கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனேன். அப்போதுதான் கண்ணில் பட்டது.

அது ஆனி மாதக் கடைசி. குற்றாலத்தில் அருவி நிறைந்து விழுந்துகொண்டிருந்தது. தென்காசியில் எங்கள் வீட்டிலிருந்து அருவி மூன்று மைல். அந்த மூன்று மைல்தான் எங்கள் வீட்டுக்கு வந்த வினை. சாரல் விழுந்த சேதி கிடைத்த மறுநாளே ராயகிரியிலிருந்து அத்தை குடும்பமும் வாசுதேவநல்லூரிலிருந்து சித்தப்பா குடும்பமும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிடுவார்கள். காலையில் எல்லோரும் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு வில்வண்டி ஏறுவார்கள். அருவியில் குளித்தால் வயிறு எப்படிப் பசிக்கும் என்று குளித்தவர்களுக்குத் தெரியும். மத்தியானம் திரும்பும்போது அத்தை வாசலிலிருந்தே, “மைனி, சோறு ஆச்சா?” என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவாள். அவர்கள் சாப்பிட்டு எழுந்ததும் ராத்திரிச் சமையலுக்கு அரிசி களைய நேரம் சரியாக இருக்கும்.

கொடியில் அத்தையின் சேலை, சித்தியின் சேலை, அக்காவின் பாவாடை, பத்துப் பதினைந்து துண்டுகள் எல்லாம் அருவி வாசனையோடு கிடந்தன. அம்மாவின் சேலை மட்டும் இல்லை. யோசித்துப் பார்த்தேன். சாரல் காலத்தில் அம்மா அருவிக்குப் போய் நான் பார்த்ததே இல்லை. எனக்கு விஷயம் கிடைத்துவிட்டது. அப்பாவிடம் கேட்க வேண்டும்.

வியாசத்துக்கு வாத்தியார் ஒரு ஒழுங்கு சொல்லியிருந்தார். முதலில் எதிராளி என்னென்ன சொல்வானோ அதையெல்லாம் நாமே எழுதிவிட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வர வேண்டும். கடைசியில் நமக்கு வேண்டியதைக் கேட்க வேண்டும். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். முதல் பக்கம் முழுவதும் எதிராளி பேசினான். விருந்தாளிகளைப் பசியோடு உட்கார வைப்பது நம் குடும்பத்துக்கு அழகா? சமையலறையில் ஒரு நாள் கை மாறினால் உப்பு எங்கே, புளி எங்கே என்று யாருக்குத் தெரியும்? எனக்கே அவனைப் பிடித்துப்போயிற்று. இரண்டாம் பக்கத்தில் என் கட்சி. மலை மூலிகை கலந்த நீர் உடம்புக்கு நல்லது, பித்தம் தணியும், மனம் தெளியும் என்று ஊரில் எல்லோரும் சொல்வதையெல்லாம் திரட்டி வைத்தேன்.

அப்பா ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர். எந்தத் தாள் கையில் வந்தாலும் உரக்கப் படித்துவிட்டு அந்தப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போடுவார். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கி வாங்கி ஊறிப்போன வழக்கம் அது. பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் என் தாளை வாங்கி எல்லோர் முன்னாலும் படித்தார். “விருந்தாளிகளைப் பசியோடு உட்கார வைப்பது” என்ற இடத்தில் சித்தப்பா, “சரியாச் சொல்லுதான் பாரு” என்றார். முதல் பக்கம் முடிந்தது. சோறும் வந்தது. அப்பா பேனாவை எடுத்து அடியில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்தைச் சுழித்துவிட்டு என் முதுகில் தட்டினார்.

“எலே, பெரிய மனுசன் மாதிரி எழுதுதே. உங்கம்மா படுத பாட்டைக் கவனிச்சிருக்கே பாரு.”

“எப்பா, பின்பக்கம் ஒண்ணு இருக்கு.”

“சாப்பிட்டுப் பாப்போம்.”

சாப்பிட்டதும் தூங்கிவிட்டார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. மறுநாள் வாத்தியார் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு வகுப்பே கேட்கும்படி சிரித்தார். “உங்கப்பா ஒப்புக்கொண்டது உன் எதிராளியை. வேறே எழுதிக்கொண்டு வா” என்றார். கிராப்பு கேட்டவனுக்கு ‘ஒப்புக்கொள்ளவில்லை’யும் தலையில் ஒரு குட்டும் கிடைத்திருந்தது. அவன் நிலைமை என்னுடையதைவிட மேல் என்று நினைத்தேன். அவனை எதிர்க்கவாவது செய்தார்கள்.

இந்தத் தடவை எழுதுவதற்கு முன் யோசித்தேன். அப்பா படிப்பது ஒரு பக்கம். எனவே எல்லாம் ஒரு பக்கத்துக்குள் முடிய வேண்டும். மூலிகைத் தண்ணீரைப் பற்றி அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவருக்கு இருப்பது ஒரே கேள்வி. சோறு யார் பொங்குவது? அதற்கு என்னிடம் பிரமாதமான பதில் இருந்தது. அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

“எம்மா, முந்தின நாளே புளிச்சோறு கிண்டி வச்சிட்டா மறுநாள் நீ போகலாம்லா?”

அம்மா அரைப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். “பதினோரு பேருக்குப் புளிச்சோறு. அதை யாருலே கிண்டுவா?”

அந்த வாதம் அம்மியிலேயே நசுங்கியது. வேறு வழியில்லாமல், “நீ கடைசியா எப்பம்மா சாரல்ல குளிச்சே?” என்று கேட்டேன்.

“கல்யாணம் ஆகி வந்த வருசம் ஒரு தடவை. பெறகு உங்கக்கா வயித்துல. பெறகு நீ. பெறகு என்ன, வாரவுகளும் போறவுகளும்தான்.” ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “பங்குனியில ஜமுக்காளம் துவைக்கப் போயிருக்கேன். அப்போ அருவி நூலு மாதிரி விழும்” என்றாள். பிறகு மறுபடி அரைக்க ஆரம்பித்தாள். இவ்வளவு பேசுகிற நான் இதை ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் எழுதியது இவ்வளவுதான்:

‘நம் வீட்டிலிருந்து அருவி மூன்று மைல். அம்மா இந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருஷம். பதினாறு சாரலில் அவள் குளித்தது ஒரு தடவை. சமைக்க ஆள் வேண்டும் என்பது உண்மை. இன்று வீட்டில் அம்மாவைத் தவிரப் பதினோரு பேர் இருக்கிறோம். எல்லோருக்கும் கை இருக்கிறது. ஆகையால் ஒரு நாள் அம்மா அருவிக்குப் போகவும், ஆண்கள் சோறு பொங்கவும் அப்பா ஒப்புக்கொள்ள வேண்டும்.’

அப்பா வழக்கம்போல் உரக்கப் படிக்க ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் குரல் இறங்கியது. அதற்குமேல் மனதுக்குள் படித்தார். முடித்துவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

“ஏட்டி, இது நெசமா?”

“எது?”

“ஒரு தடவைன்னு எழுதியிருக்கான்.”

“ஆமா.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

உள்ளே கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. “நீங்க கேக்கலியே” என்றாள் அம்மா. அதில் கோபம் ஒன்றும் இல்லை.

அத்தைதான் முதலில் எழுந்தாள். “நாளைக்கு எங்கூட வண்டியில வாங்க மைனி. இவுக கையால ஒரு நாள் திம்போம், செத்தா போவோம்?” என்றாள். அப்பா ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வழக்கமான சுழிப்பு அதில் இல்லை.

மறுநாள், வியாசம் எழுதியவன் என்ற உரிமையில் நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். பெண்கள் குளிக்கிற பக்கம் போகக்கூடாது என்பதால் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தேன். அத்தை இரண்டு தடவை வெளியே வந்து குளிர் காய்ந்துவிட்டுப் போனாள். அம்மா வரவில்லை. கடைசியில் அக்கா போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அம்மாவுக்கு உதடு நீலம் பாய்ந்து பல் தந்தி அடித்தது. ஆனால் ஒரே சிரிப்பு. இப்படிச் சிரிக்கத் தெரிந்தவள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

“வயிறு இப்படியா பசிக்கும்!” என்றாள் வண்டியில் ஏறியதும். “இதுக்குத்தான் இவுக எல்லாம் அப்படித் திங்காகளா? நான் வயித்துக்குள்ள ஏதோ கோளாறுன்னுலா நெனச்சேன்.” அத்தை சிரித்துச் சிரித்து வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் சோறு களியாகியிருந்தது. சித்தப்பா ரசத்தில் புளி போட மறந்திருந்தார். அம்மா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

கை கழுவும்போது என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள். “ஒரு நாளுன்னுதானலே எழுதியிருந்தே?”

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு தடவை மாற்றி எழுதினேன், எல்லாவற்றையும் யோசித்தேன், கடைசியில் கேட்பதை இவ்வளவு குறைவாகக் கேட்டுவிட்டேன். தாளை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அப்பாவிடம் விரலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அம்மா சொன்னதையும் சொன்னேன்.

அப்பா பேனாவை மையில் தொட்டு ‘ஒரு நாள்’ என்பதை ஒரே கோடாக அடித்து, அதன்மேல் ‘வருஷா வருஷம், வேண்டிய நாளெல்லாம்’ என்று எழுதினார். பத்திரத்தில் எழுதுவதுபோல் ஓரத்தில் ‘அடித்தல் ஒன்று, திருத்தல் ஒன்று, என் கையால்’ என்று குறித்து, மறுபடி கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை சுழிப்பு இருந்தது.

திங்கட்கிழமை வாத்தியார் பத்துக்கு ஒன்பதரை போட்டார். அடித்தல் திருத்தலுக்காக அரை மார்க் குறைத்ததாகச் சொன்னார்.