திங்கட்கிழமை மட்டும் மக்கர்

என் காருக்கு வாரத்தில் ஆறு நாள் உடம்பு நன்றாகத்தான் இருக்கும். திங்கட்கிழமை காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாது. செல்ஃபை அழுத்தினால் கர்... கர்... அவ்வளவுதான்!

பழைய கார். பாட்டரியை மாற்றினேன். ஒயர்களை மாற்றினேன். மாதுங்காவில் எந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனாலும், சமர்த்தாக உடனே கிளம்பி என் மானத்தை வாங்கியது.

ஆபீஸ் டிராம்பேயில். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மீட்டிங். மூன்று வாரமாக லேட். "இன்னொரு தடவை லேட்டானால் புரமோஷனை மறந்துவிடுங்கள்" என்று மானேஜர் சொல்லிவிட்டார். பயந்துதான் போனேன். ஒப்புக்கொள்வதில் என்ன வெட்கம்?

தாராவியில் லாரி ரிப்பேர் பார்க்கும் மாடசாமியிடம் போனேன். திருநெல்வேலிக்காரர். "வண்டி இங்க வேண்டாம் சார். திங்கக்கிழமை நான் அங்க வாரேன். வழக்கமா என்ன செய்வீயளோ, அதையே செய்யுங்க. நான் பாக்கேன்" என்றார்.

வந்தார். ஓரமாக நின்று பார்த்தார்.

திங்களன்று ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம். நான் கிளம்புவதோ எட்டு மணிக்கு. என்ன செய்வது? என் மனைவி விசாலம் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஏழு இருபத்தைந்துக்கே காரை எடுத்து, தெருமுனை வரை ஓட்டி நிறுத்திவிட வேண்டும். புறப்பட்டாகிவிட்டது! அப்புறம் நடந்து வீட்டுக்கு வந்து, சாவகாசமாக டிபன் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

அன்றும் அப்படியே செய்தேன். எட்டு மணிக்குத் தெருமுனைக்குப் போய், சோக்கை இழுத்து அழுத்தினேன். கர்... கர்...

மாடசாமி ப்ளக்குகளைக் கழற்றிக் காட்டினார். எல்லாம் பெட்ரோலில் நனைந்திருந்தன.

"இன்ஜின் சூடாகுமுன்ன அமத்திருதீய. அரைமணி கழிச்சு வந்து, மறுபடி சோக்கை இழுத்து இன்னும் பெட்ரோலை ஊத்துதீய. பாவம், அது முங்கிப்போகாம என்ன செய்யும்? வண்டிக்கு ஒரு சீக்கும் இல்ல சார்."

துடைத்து மாட்டினார். சோக்கைத் தொடாமல் அழுத்தச் சொன்னார். கிளம்பியது! ஒன்பதுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன். மானேஜர் தன் கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். புரமோஷன் பிழைத்தது.

சாயங்காலம் மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். சோக், பெட்ரோல், ப்ளக்... ஒன்று விடாமல் விசாலத்துக்கு விளக்கினேன். "எல்லாம் உன் ஏற்பாட்டால் வந்த வினை. ராகுவுக்கும் காருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!" என்று முடித்தேன்.

பொறுமையாகக் கேட்டாள். காபியை நீட்டினாள்.

"அதெல்லாம் சரின்னா... அது மக்கர் பண்ணினது ஒவ்வொரு தடவையும் ராகுகாலத்துலதானே?"