அழுகின தேங்காயும் அத்தானின் காசுக் குற்றியும்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே எத்தனையோ வருசம் போய்விட்டது. கொப்பியை எடுப்பேன், அக்காவின் முகம் வந்து நிற்கும், மூடி வைத்துவிடுவேன். என் சாமித்தட்டில் திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு இருபத்தைந்து சதக் காசுக் குற்றி இருக்கிறது. விளிம்பு தேய்ந்து வழுவழுத்துப் போனது. வீட்டுக்கு வருகிறவர்கள் நேர்த்திக் காசு என்று நினைத்து அதைத் தொட்டுக் கும்பிடுவார்கள். நானும் ஒன்றும் சொல்வதில்லை. அது என் அக்காவின் கணவருடையது.

தொண்ணூறுகளில் அக்காவும் அத்தானும் நாங்கள் குடியேறின பனி நாட்டில், மில்லிக்கன் என்ற இடத்தில் எங்கள் வீட்டு பேஸ்மெண்டில் இருந்தார்கள். அத்தானுக்கு, ஸ்கீ வாடகைக்கு விடும் ஒரு கடையின் பின்னறையில் வேலை. பனியில் சறுக்கக் காலில் பூட்டுகிற அந்த நீளப் பலகைகளுக்கு மெழுகு தேய்ப்பது, விளிம்பு தீட்டுவது, பழுதானதை ஒட்டுவது. ஒரு நாளாவது ஏறிச் சறுக்கியவர் இல்லை. "எனக்குச் சப்பாத்தோடை நடக்கவே வழுக்குது" என்பார். அந்தப் பலகை ஒரே மரம் இல்லையாம். மரமும் கண்ணாடி நாரும் அடுக்கடுக்காகப் பசை வைத்து ஒட்டியது. உள்ளே பசை விட்டுப்போனால் வெளியே தெரியாது. அத்தான் அந்தக் குற்றியால் நுனியிலிருந்து தட்டிக்கொண்டே போவார். நல்ல இடம் கணீரென்னும், விட்ட இடம் பொத்தென்னும். யார் பழக்கினது என்று கேட்டேன். "ஒருத்தரும் இல்லை, பிள்ளை. தேங்காய் தட்டித்தானே வாங்கிறனாங்கள்" என்றார்.

கடைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர் இதை நின்று பார்த்திருக்கிறார். அவருக்கு வேலை விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில். அங்கேயும் பாகங்களை இப்படி அடுக்கி ஒட்டித்தான் செய்கிறோம், தட்டித்தான் பார்க்கிறோம், படித்துவிட்டு விண்ணப்பம் போடு என்றாராம். "அண்ணை, ஸ்கீக்கும் பிளேனுக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டும் விழும், அவ்வளவுதான்" என்று என் கணவர் பகிடி விட்டார். அத்தான் சிரிக்கவில்லை. இரண்டு வருசம் பின்னேர வகுப்புக்குப் போனார். நேர்முகத்துக்குக் கூப்பிட்டபோது அக்கா ஏழு மாதம். ஸ்கீக் கடையை மூடப் போவதாகவும் கதை அடிபட்டது. இந்த வேலையை விட்டால் வேறு வழி இல்லை.

அன்று காலை அக்காவால் வர முடியவில்லை. அத்தான் பெயரில் தேங்காய் உடைக்கச் சொல்லி என்னை அவரோடு றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் அனுப்பினாள். வழியில் அத்தான் காருக்குள் இருக்க, நான் கடைக்குள் ஓடி, தட்டிப் பாராமல் இரண்டு தேங்காய் எடுத்தேன். ஒன்று உடைக்க, மற்றது அருச்சனைக்கு. கோயிலில் அத்தான் கதவடியில் சப்பாத்துக் கழற்ற, நான் அப்பால் போய் உடைத்தேன். மணம்தான் முதலில் வந்தது. உள்ளே கறுப்பு. பிள்ளையாரப்பா, இன்றைக்கா? பாதிகளைப் பைக்குள் ஒளித்துவிட்டு அருச்சனைத் தேங்காயை எடுத்து உடைத்தேன். அது வெள்ளை வெளேரென்று பிளந்தது.

"எப்பிடி உடைஞ்சது?"

"மல்லிகைப்பூ மாதிரி, அத்தான்."

நெற்றியில் திருநீற்றோடு நின்று சொன்ன பொய். ஒரு கணம் என்னைப் பார்த்தார். "ஓம்" என்றார்.

பின்னேரம் நேர்முகம் முடிந்து வந்த அத்தான் கழுத்தில் கட்டின ரையைக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தார். விமானப் பாகத் துண்டுகள் மூன்றை மேசையில் வைத்து, இதில் ஒன்று பழுது, எது என்று கேட்டார்களாம். அத்தான் இரண்டைக் காட்டினாராம். "நீ காட்டின மற்றது, நல்லது என்று நானே பார்த்துக் கையெழுத்து வைத்தது" என்று சொன்ன மேலதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டதாம்.

"ஓம் சேர், ஒண்டுதான் எண்டு வாய் வரைக்கும் வந்திட்டுது, பிள்ளை."

"பிறகு?"

"உம்மடை நினைவு வந்தது. முதல் தேங்காயின்ரை சத்தம் கதவடியிலை எனக்குக் கேட்டது. நீர் பாசத்திலை நல்லது எண்டு சொன்னனீர். நானும் அங்கை அப்பிடிச் சொன்னால், பிளேனிலை ஏறி இருக்கிற சனம் என்ன செய்யும்? ரெண்டுதான் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். வெட்டிப் பாப்பினமாம்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் குரலில் ஒரு துளி கோபம் இல்லை. ஒரு கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவின் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம், என்னால்தான் எல்லாம் போகப் போகிறது என்று நினைத்தேன். எட்டாம் நாள் போன் வந்தது. வெட்டினபோது உள்ளே உள்ளங்கை அகலத்துக்குப் பசை விட்டிருந்ததாம். "திங்கட்கிழமை வரட்டாம்" என்று சொன்ன அத்தான், அந்தக் குற்றியை என் கையில் வைத்தார். "இனி உது எனக்குத் தேவையில்லை. தட்டுறதுக்கு அங்கை ஒரு சின்னச் சுத்தியல் தருவினம்."

வேலை செய்துகொண்டே படித்து அங்கேயே பொறியியலாளர் ஆனார். போன மாதம் ஓய்வு பெற்றார். விருந்தில் அக்கா வழக்கம்போல எழும்பி, "அண்டைக்குத் தேங்காய் மல்லிகைப்பூ மாதிரி உடைஞ்சது, அப்பவே எனக்குத் தெரியும்" என்றாள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் சொன்ன பொய் எங்கள் குடும்பத்தின் பக்திக் கதையாகிவிட்டது. அத்தான் தலையை நிமிர்த்தாமல் பாயாசம் குடித்தார். இத்தனை வருசத்தில் ஒருமுறையும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

குற்றி சாமித்தட்டிலேயே இருக்கட்டும். இனி யாராவது கும்பிட்டால், அது நேர்த்திக் காசு இல்லை என்று சொல்வேன். நாளைக்கு இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். வாசித்த நீங்களும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு அந்த அழுகின தேங்காயை மட்டும் விட்டுவிடாதீர்கள்.