வேண்டுமென்றே வைத்த தப்பு

வீட்டிலேயே நான் நடத்தும் கம்ப்யூட்டர் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பாடத்திலும் நான் வேண்டுமென்றே ஒரு தப்பு வைப்பேன். வெப்சைட் செய்வது எப்படி என்று திரையில் எழுதிக்காட்டிக்கொண்டே வரும்போது, எங்கேயாவது ஒரு வரியைக் கோணலாக எழுதிவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல நிற்பேன். யாராவது "சார், தப்பு" என்றால் போதும், "சபாஷ், இதுக்குத்தான் வெச்சேன்" என்பேன். கண்டுபிடித்தவருக்குக் கடலை உருண்டை. ஒரு தடவை பலாச்சுளை கொடுத்துப் பார்த்தேன். அதுதான் வூட்டுக்கு வூடு கிடக்குதே சார் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் மலையூரான புதூர்நாட்டில் பலாவைப் பரிசாகக் கொடுத்தவன் நான் ஒருத்தன்தான்.

அப்படியே எனக்கு நானே முதலாளியாகப் பல வருஷம் ஓட்டினேன். பிறகு பிள்ளைகள் சந்தேகத்தையெல்லாம் போனிடமே கேட்க ஆரம்பித்தார்கள். அது கோபப்படாமல் சொல்கிறதாம். வகுப்பு தேய்ந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று ஆனது. என் மனைவி இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். மலையெல்லாம் ஊசி போட்டுப் போட்டு, எங்கே குத்தினால் வலிக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஊரையெல்லாம் வேலைக்குப் போங்கன்னு சொல்லிக்கினு இருக்கீங்களே, நீங்க ஒருவாட்டி போய்ட்டு வாங்களேன்."

ரோஷம் வந்து விண்ணப்பித்தேன். செருப்புக் கடைகளுக்கு வெப்சைட் செய்துகொடுக்கும் சென்னைக் கம்பெனி ஒன்று எடுத்துக்கொண்டது. மலையிலிருந்தே வேலை பார்க்கலாம், மாதச் சம்பளம். மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடித்தால்தான் நிரந்தரம். பிடிக்காவிட்டால் பெங்களூரில் ரூம் எடுத்து வேலை தேட வேண்டியதுதான், நான் அங்கே, அவள் இங்கே. அதை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. வெளியே மட்டும், இதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்த பாடம்தானே என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

எங்கள் டீமுக்குத் தலைமையான லீட் என்னைவிட வயதில் சின்னவர். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். இத்தனை வருஷம் 'சார்' என்றே கேட்டுப் பழகியவன், முதல் நாள் யாரையோ கூப்பிடுகிறார் என்று சும்மா இருந்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மீட்டிங்கில், டீம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, நான் செய்த பக்கத்தைத் திரையில் போட்டார் லீட். 'வாங்கு' என்ற பட்டனை இரண்டு தடவை அமுக்கினார். ஒரு ஜோடி கேட்டவருக்கு இரண்டு ஜோடி ஆர்டர் போனது. "இங்க ஒரு தப்பு இருக்கே" என்றார். என் வாய் இருக்கிறதே, அது பல வருஷப் பழக்கத்தில் தானாகத் திறந்துகொண்டது.

"சபாஷ், இதுக்குத்தான் வெச்சேன்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. முக்கியமான நேரத்திலெல்லாம் போய்த் தொலையும் எங்கள் மலை நெட் அன்றைக்கென்று அறுந்துபோகாமல் கல்லு மாதிரி நின்றது. லீட், திங்கட்கிழமை தனியாகப் பேசுவோம் என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

வேலை போச்சு என்றே நினைத்தேன். மனைவியிடம் சொன்னபோது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கடலை உருண்டை கொடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டாள். ராத்திரி மட்டும், பெங்களூர் பஸ் திருப்பத்தூரிலிருந்து எத்தனை மணிக்கு என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள். அவளுக்கும் பயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அவளே இந்தக் கதையைப் போட்டு உடைத்தாள். டீ கொடுக்க வந்தவளுக்கு அவ்வளவு ஆசை. எல்லாரும் சிரித்தார்கள். ஆரம்பத்திலிருந்தே வரும் ஒரு பெண், காலேஜ் முடித்தவள், மட்டும் சிரிக்காமல் கேட்டாள்.

"நெசமாவே தப்புதானே சார் அது?"

அவளே தொடர்ந்தாள்.

"எங்களுக்குத் தெரியும் சார். வேணும்னு வெச்சா சிரிப்ப அடக்கிக்கினு நிப்பீங்க. நெசமா தப்பாயிட்டா மூஞ்சி இறுகிப்பூடும். அப்ப நாங்க சத்தம் போடமாட்டோம். எங்க கம்ப்யூட்டர்ல நாங்களே சரி பண்ணிக்குவோம்."

மற்றவர்கள் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை தடவை என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. அன்றைக்கு எல்லாருக்கும் கடலை உருண்டை கொடுத்து அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலையில் லீட் கூப்பிட்டார். மனைவி வேலைக்குக் கிளம்பி, பையைத் தோளில் மாட்டியபடி லேப்டாப்புக்குப் பின்னால் நின்றுவிட்டாள். லீட் நேராகவே விஷயத்துக்கு வந்தார். அந்தத் தப்பை வேண்டுமென்றே வைத்தேனா, அதை மட்டும் சொன்னால் போதும் என்றார். ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மனைவி தன் முகத்தை இறுக்கி, என் முகம் இப்போது இப்படி இருக்கிறது என்று காட்டினாள்.

"இல்லீங்க. நெசமாவே தப்பு. ரெண்டுவாட்டி அமுக்குவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. எப்படிச் சரி பண்றதுன்னும் தெரியல. நீங்கதான் சொல்லிக்குடுக்கணும்" என்றேன்.

லீட் பெரிதாக மூச்சு விட்டார்.

"தெரியாம பண்றதுதானே, எல்லாரும் பண்றோம். வேணும்னே வெச்சிருந்தா, நீங்க எழுதுன ஒவ்வொரு வரியையும் நான் உக்காந்து தேடணும். அந்த பயத்துலயே மூணு நாளா எனக்குத் தூக்கமில்ல."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜீப்பைப் பிடிக்க ஓடினாள். லீட் உடனே தன் திரையைக் காட்டி, எப்படிச் சரி செய்வது என்று எழுதிக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். நானும் கூடவே எழுதிக்கொண்டு வந்தேன். நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். நடுவில் ஒரு வரியில் சின்னதாக ஒரு தப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பை அடக்குகிற முகமாகத் தெரியவில்லை.

நான் சத்தம் போடவில்லை. என் கம்ப்யூட்டரில் மட்டும் அந்த வரியைச் சரியாக எழுதிக்கொண்டேன்.